இசட் புள்ளி தவறினாலும் சட்டம் படிக்கலாம்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கஹவத்தைத் தோட்டப்புறங்களில் பல பிள்ளைகள் சட்டப் படிப்பு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். இசட் புள்ளி போதாது என்பதுதான் காரணம். ஆனால் இசட் புள்ளியைப் பார்ப்பது கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்கள். கொழும்பு புதுக்கடையில் 1874 முதல் இயங்கும் இலங்கை சட்டக் கல்லூரி அதைப் பார்ப்பதில்லை. தானே ஒரு நுழைவுப் பரீட்சை வைத்து மாணவரை எடுக்கிறது.

அதற்கு உயர்தரத்தில் மூன்று பாடங்கள் சித்தியடைந்திருக்க வேண்டும். ‘எஸ்’ வந்தாலும் சித்திதான். கெடுபிடி இருப்பது சாதாரணதரத்தில். தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் திறமைச் சித்தி, அதாவது ‘சி’, கேட்கிறார்கள். ஆங்கில ஆசிரியர் நிலையாக இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் இடறி விழுவது இந்த இடத்தில்தான். அதனால் சட்டப் படிப்புக்கான ஆயத்தம் உயர்தரம் முடிந்த பிறகு தொடங்குவதல்ல, பத்தாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டியது. ஆங்கிலத்தில் ‘எஸ்’ எடுத்தவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி எழுதலாம். எத்தனை அமர்வுகளின் பெறுபேற்றை ஏற்பார்கள் என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவுப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். சட்டக் கல்லூரியின் விரிவுரையையும் பரீட்சையையும் ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொண்டுவந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. மலையகப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடயம்.

வினாத்தாள் இரண்டு. ஒன்று மொழித்திறன், மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மொழித்தாளுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றே: வீரகேசரியிலோ தினகரனிலோ ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, பத்திரிகையை மூடிவிட்டு, அதை மூன்றில் ஒரு பங்காகச் சொந்த வசனத்தில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். எழுதியவரின் வாதம் உங்கள் சுருக்கத்தில் விடுபட்டிருந்தால் மறுபடி எழுதுங்கள். மூன்று மாதம் இதைச் செய்பவருக்குக் கட்டுரையும் கைவரும், பொது அறிவும் சேரும். நுண்ணறிவு பழக்கத்தில் வருவது. 2, 6, 12, 20 என்ற தொடரில் அடுத்த எண் எது? இடைவெளி 4, 6, 8 என்று கூடுகிறது, ஆகவே 30. இப்படி இடைவெளியைத் தேடக் கண் பழகிவிட்டால் நேரம் மிஞ்சும். கடந்தகால வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள்.

தெரிவானால் மூன்று வருடப் படிப்பு, பிறகு மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிலுநர் காலம், கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டமும் ஒரு வழி. அதற்கும் தனித் தெரிவுப் பரீட்சை உண்டு. வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவருக்கு அது பொருந்தும்.

லயத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாடசாலைப் பதிவில் தகப்பன் பெயரே மாறி இருக்கும். விண்ணப்ப நேரத்தில் இதைத் திருத்த ஓடினால் முடிவுத் திகதி போய்விடும். பிரதேச செயலகத்தில் இப்போதே விசாரியுங்கள். சத்தியக் கடதாசி தேவையென்றால் சமாதான நீதவானிடம் முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சப்ரகமுவ நீதிமன்றங்களில் வழக்கு சிங்களத்தில் நடக்கிறது. தோட்டத்து மனிதர் தன் வழக்கில் என்ன பேசினார்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அறிகிறார். அவர் மொழியில் அவருக்கு விளக்கிச் சொல்லும் சட்டத்தரணிகள் இங்கே இன்னும் நிறையத் தேவை. ஆகவே பெற்றோரே, பிள்ளை பத்தாம் ஆண்டில் இருந்தால் ஆங்கில வகுப்புக்கு இன்றே வழி செய்யுங்கள்.