நேற்று தெரிந்தது, இன்று தெரியவில்லை! இது நடிப்பா?



“நேத்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. இன்னைக்கு ‘நீ யாரு?’ன்னு கேக்குறாங்க. வேணும்னே பண்றாங்களோ?” மறதி நோய் உள்ள மாமியாரை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் இது நடிப்பு அல்ல, நோய்.

மறதி நோய்களில் முக்கியமானது அல்சைமர். இதை 1906-ல் முதலில் எடுத்துச் சொன்னவர் ஜெர்மனி நாட்டு டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஏன் தினமும் மாறுகிறது?

இந்நோய் முதலில் புதிய நினைவுகளைத்தான் பாதிக்கும். 1991-ல் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியதை விவரமாகச் சொல்பவருக்கு, காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. தூக்கம் கெட்டாலும், தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், மலச்சிக்கல், வலி, விசேஷ வீட்டுக் கூட்டம், சத்தம் இருந்தாலும் அன்று தடுமாற்றம் கூடும். பலருக்குப் பொழுது சாய்ந்தால் அதிகமாகும். சில நாள் காரணமே தெரியாது.

நாம் என்ன செய்யலாம்?

* குளியல் போன்ற வேலைகளை அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள்.
* இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள்.
* “நான் யாருன்னு சொல்லுங்க” என்று சோதிக்காதீர்கள். “நான் உங்க மருமக, சாப்பிட வாங்க” என்று நீங்களே சொல்லுங்கள்.
* குழுக் கணக்கு எழுதுவதுபோல, தூக்கம், சாப்பாடு, மலம், மாத்திரை எல்லாம் ஒரு நோட்டில் குறியுங்கள். டாக்டருக்கு உதவும்.

இது அவசரம்!

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, “நோய் முத்திப்போச்சு” என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் கிருமித் தொற்று, காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுதல், புதிய மாத்திரை காரணமாக இருக்கலாம். இவற்றைக் குணப்படுத்த முடியும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கி நாமாகக் கொடுக்கவே கூடாது.

பரிசோதனைக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

இரவெல்லாம் விழித்திருக்கும் சகோதரி நம் குழுவிலும் இருக்கலாம். கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் போடும் முன், அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முறைபோட்டு ஒரு மணி நேரம் நாம் உட்கார்ந்தால், அவர் கொஞ்சம் கண் அசருவார்.