உயர்த்தப்பட்ட வண்டி: கெப் வாகனத்தின் வில்லும் சில்லும் தோற்றமும்

ஒரு சமுதாயத்தின் உற்பத்திக் கருவிகள் அதன் உழைப்பை மட்டுமன்றி, அது தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தையும் வெளிப்படுத்துவன. மார்க்ஸ் 1867ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மூலதனம்’ முதல் தொகுதி பண்டம் பற்றிய அத்தியாயத்துடனேயே தொடங்குகின்றது. பயன்மதிப்பும் மாற்றுமதிப்பும் ஒரே பொருளில் முரண்பட்டு நிற்பதை அது காட்டுகின்றது. அந்த முரண்பாட்டை இன்று நம் வீதிகளில் ஓடும் ஒரு பொருளிற் காணலாம். கெப் எனப்படும் சிறுசுமை வாகனத்தை உயர்த்தி, பெருஞ்சில்லுகள் பூட்டி, அதன் தோற்றத்தை மாற்றியமைக்கும் வழக்கமே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில், நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி ஆகியவற்றைக் கடந்த பின் அமைவது திரியாய். அங்குள்ள பல்லவக் கிரந்த எழுத்திலமைந்த வடமொழிக் கல்வெட்டு வணிகர் கணங்களைக் குறிப்பிடுகின்றது. ஆகவே, பொருள்களை ஏற்றியிறக்கும் தொழில் இவ்வூருக்குப் புதிதன்று. குளமும் வயலுமே ஊரின் வாழ்வு. வடகீழ்ப் பருவமழையில் வயற்பாதை சேறாகும். கரையோர ஆறுகளைப் பாலமின்றிப் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே வாகனங்கள் கடந்த காலம் முதியோர் நினைவிலுண்டு. 1985இல் இன வன்செயலால் ஊர் அழிந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர்க்கு நெல்மூட்டையையும் நோயாளியையும் வீதிக்குக் கொண்டுசேர்க்கும் வாகனம் ஆடம்பரமாகாது. நிலத்துக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள வெளி அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

வாகனத்தை உயர்த்துதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். நம் முன்னோர் அறிந்த வில்லுவண்டியின் தத்துவமே கெப்பின் பின்பகுதியிலும் தொழிற்படுகின்றது. அடுக்கிய உருக்குத் தகடுகளாலான வில்லு, அச்சையும் சட்டகத்தையும் இணைத்து, பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்கின்றது. வில்லு அச்சின் மேலே அமைந்திருப்பின், இரண்டுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து நீண்ட யூ போல்ட்டினால் இறுக்கலாம். கட்டையின் தடிப்பளவு உடல் உயரும். மேலுமொரு தகட்டைச் சேர்ப்பது இரண்டாவது முறை. வண்டி உயர்வதோடு சுமைதாங்கும் வலுவும் கூடும், ஆயின் வெறும் வண்டி குலுங்கும். வில்லின் ஒரு முனையைத் தாங்கும் தொங்கலை நீட்டுவது மூன்றாவது. நீட்டிய அளவில் ஏறத்தாழப் பாதியே அச்சின் மேல் உயரமாகக் கிடைக்கும். முன்புறத்தில் முறுக்குத் தண்டு உள்ள வாகனங்களில் அதன் ஆணியைத் திருகினாலே முன்பகுதி எழும். 1968இல் அறிமுகமான ரொயோட்டா ஹைலக்ஸின் நான்குசில்லு இயக்க வகை 1979இல் முன்னும் பின்னும் வில்லுத் தகடுகளுடனேயே வந்தது. 1980களின் நடுப்பகுதியிலேயே அதன் முன்புறம் முறுக்குத் தண்டுக்கு மாறியது.

இங்கு பலரும் தவறவிடும் உண்மையொன்று உண்டு. வில்லை உயர்த்தினால் உடலும் சட்டகமும் உயருமேயன்றி அச்சு உயராது. பின்னச்சின் நடுவேயுள்ள பற்சில்லுப் பெட்டியே வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதி. சேற்றில் முதலில் தட்டுவதும் அதுவே. அதனை உயர்த்துவது பெரிய ரயர் ஒன்றுதான். 28 அங்குல விட்டமுள்ள ரயருக்குப் பதிலாக 31 அங்குல ரயர் பூட்டினால், அச்சு ஒன்றரை அங்குலம் உயரும். வில்லை உயர்த்துவதன் முதன்மைப் பயன், அப்பெரிய ரயர் மட்காட்டில் உரசாது சுழல இடம் தருவதாகும்.

இவ்வுயரத்துக்கு விலையுண்டு. மேற்கூறிய ரயர் மாற்றத்தால் வேகமானி 60 எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். சில்லு நிலத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். பிறேக்கின் பிடியும் அவ்வாறே. வண்டியின் உறுதியை அறிய, சில்லிடை அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுப்பர். அகலம் 1.5 மீற்றரும் மையத்தின் உயரம் 0.7 மீற்றரும் எனின், பெறுமானம் 1.07. மையம் 10 சதமமீற்றர் உயர்ந்தால் அது 0.94 ஆகக் குறையும். அதன் மேல் நெல்மூட்டையும் அடுக்கினால், வளைவில் கவிழும் வாய்ப்பு மேலும் மிகும். முன்விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்யாவிடின், எதிரே சைக்கிளில் வருபவனின் கண் கூசும். பிறேக் குழாய் நீளம் போதாது இழுபடலாம். திருப்பும் முன்னச்சில் கட்டை வைப்பது ஆபத்தானது.

ஆயின் இன்று நாம் காணும் உயர்த்தல்கள் எல்லாம் சேற்றுக்கானவையா? அமெரிக்காவில் பொப் சான்ட்லர் என்பவர் தமது 1974ஆம் ஆண்டு போர்ட் வாகனத்தை மேன்மேலும் உயர்த்தி, 1981இல் பழைய கார்களின் மீதேற்றி நசுக்கிக் காட்டினார். உழவனின் கருவி அரங்கக் காட்சியாயிற்று. பயன்மதிப்பு பின்தள்ளப்பட, உயரமே அதிகாரத்தின் குறியீடாக விலைபெற்றது. இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரம் யப்பானிய வாகனங்களைப் பெருகச் செய்தது. மினுங்கும் சில்லு வளையம், முன்புற இரும்புத் தடுப்பு, கூரைமேல் விளக்கு வரிசை ஆகியன அவற்றின் மேல் ஏறின. சேறே காணாத நகரவீதியில் ஓடும் உயர்ந்த வண்டி, தான் செய்யாத உழைப்பின் வேடத்தை அணிந்துகொள்கின்றது. வேட்டைக்குச் செல்லாத நிலப்பிரபுவின் சுவரிலும் மான்கொம்பு தொங்கியது.

எனினும், தோற்றத்தின் மீதான விருப்பை முற்றாகப் பொய்யெனத் தள்ளுவது இயந்திரவியற் பொருள்முதல்வாதமாகும். மாட்டின் கழுத்தில் மணி கட்டி, கொம்புக்கு வர்ணம் பூசிய உழவனும் அழகை நாடியவனே. உழைப்பவன் தன் கருவியில் இடும் அழகு, அவ்வுழைப்பின் மீதான அவனது உரிமைப் பிரகடனம். கருவியிலிருந்து பிரிந்து விலைப்பண்டமாகும்போதே அவ்வழகு போலியாகின்றது.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கெப்பின் விலை ஏறியது. அதனை ஓடவைத்தவன் கராஜ் தொழிலாளி. வண்டியடியில் படுத்து, துருவேறிய ஆணியைக் கழற்றி, தளர்ந்த தகட்டை வளைத்து உயிரூட்டும் அவனது கைத்திறன் எந்தக் கண்காட்சியிலும் பேசப்படுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் (1951) அமைப்பு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றது. அக்கட்டுப்பாடு மினுக்கத்தையும் தேவையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

திரியாயின் வயற்பாதையில் கெப்பை உயர்த்த விழைவோன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. எந்தப் பள்ளத்தைக் கடக்க இவ்வுயரம்? எவ்வளவு சுமையுடன்? கவிழ்ந்தால் பின்புறத் தட்டில் இருப்போர் யார்? முதல் இரண்டும் பொறியியல் வினாக்கள். மூன்றாவது வர்க்க வினா. ஏனெனில், சாரதியின் ஆசனத்தில் அமர்பவருக்கு வார்ப்பட்டியுண்டு, மூட்டைமீது அமர்ந்து வயலுக்குச் செல்லும் கூலியாளுக்கு அதுவுமில்லை. மூன்றுக்கும் விடை கூற இயலுமாயின், அவ்வுயரம் உழைப்புக்கு உதவும் உயரமேயாகும்.