சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்... காரணம் பெட்ரோல் அழுத்தமா?

காலையில் வீட்டில் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆன கார். மதியம் மாமாக் கடையில் தே தாரேக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் திரும்பினால், 'கிர்ர்... கிர்ர்...' என்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது!

"பேட்டரி வீக்" என்பார் ஒருவர். "பம்ப்பை மாத்திடலாம் பாஸ்" என்பார் இன்னொருவர். இரண்டையும் மாற்றி, காசும் போய், கார் மறுபடியும் நடுவழியில் நின்றால்?

எதையும் மாற்றுவதற்கு முன்னர் அளந்து பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. அதுதான் எரிபொருள் அழுத்தம்.

பேட்டரி இல்லை என்று எப்படித் தெரியும்?

ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றினால், பேட்டரி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மெதுவாக இழுத்தாலோ 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தாலோதான் பேட்டரி, ஸ்டார்ட்டர், வயர் இணைப்புகளைப் பார்க்கவேண்டும். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? எஞ்சினுக்குப் பெட்ரோலோ தீப்பொறியோ சரியாகக் கிடைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

சூட்டில் மட்டும் ஏன்?

எஞ்சினை அணைத்ததும் அதைக் குளிர்விக்கும் நீரோட்டம் நின்றுவிடும். ஆனால் உலோகத்தில் தேங்கிய சூடு உடனே போகாது. பானட்டுக்குள் வெப்பம் சிறிது நேரத்துக்குக் கூடவே செய்யும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுசெல்லும் குழாயும் சூடாகும்.

பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். அழுத்தம் இருப்பதால் அதில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. பெட்ரோலும் அப்படித்தான். குழாயில் அழுத்தம் இறங்கிவிட்டால் பெட்ரோல் ஆவியாகிறது. இன்ஜெக்டர் தெளிப்பதற்குத் திரவம் போதாது, எஞ்சின் பிடிக்காது.

நேர்மாறாகவும் நடக்கலாம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. சூடான எஞ்சினுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போதும். இன்ஜெக்டர் கொஞ்சம் கசிந்தாலும் காலையில் அது தெரியாது. மதியம் அதே கசிவு எஞ்சினைப் பெட்ரோலில் மூழ்கடித்துவிடும்.

நீங்களே செய்யக்கூடிய 2 சோதனைகள்

1. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, 3 விநாடி காத்திருந்து அணையுங்கள். இரண்டு, மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் பண்ணுங்கள். பல கார்களில் ஒவ்வொரு முறையும் பம்ப் சில விநாடி ஓடி அழுத்தத்தை ஏற்றும். இப்போது உடனே பிடித்தால், அணைத்த பிறகு அழுத்தம் தங்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

2. அப்படியும் பிடிக்காவிட்டால், எக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். பல கார்களில் அப்போது இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். இதில் பிடித்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பிடித்தவுடன் எக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

கவனம்: காரைச் சுற்றிப் பெட்ரோல் வாடை பலமாக வீசினால் எந்தச் சோதனையும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு விலகி நின்று உதவிக்கு அழையுங்கள்.

பட்டறையில் என்ன கேட்கலாம்?

"பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தீங்களா?" இந்த ஒரு கேள்வி போதும். சாதாரண இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும். துல்லியமான அளவு அந்தந்த காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும்.

• அளவு குறைந்தால்: பம்ப் பலவீனம், ஃபில்டர் அடைப்பு, பம்ப்புக்குப் போதிய மின்சாரம் போகாதது.

• அளவு கூடினால்: ரெகுலேட்டர் சிக்கிக்கொண்டது, அல்லது டாங்கிக்குத் திரும்பும் குழாயில் அடைப்பு. கறுப்புப் புகை வரலாம், பெட்ரோலும் சீக்கிரம் தீரும்.

• ஓடும்போது சரி, அணைத்ததும் மளமளவென்று இறங்கினால்: பம்ப்பில் உள்ள ஒருவழி வால்வு, இன்ஜெக்டர், ரெகுலேட்டர் மூன்றில் ஒன்று கசிகிறது. பம்ப்பிலிருந்து வரும் குழாயை அடைத்ததும் இறக்கம் நின்றால் கோளாறு பம்ப் பக்கம். நிற்காவிட்டால் எஞ்சின் பக்கம்.

இன்னொன்று முக்கியம். சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்யவேண்டும். காரை ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டலாம்.

பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் புதிய கார்களில் அழுத்தம் 200 பாரையும் தாண்டலாம். அந்தக் குழாய்களை நீங்கள் கழற்றவே கூடாது. பட்டறையில் ஸ்கேனர் மூலம் அழுத்தத்தைப் பார்ப்பார்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால்?

கிராங்க் சென்சர் சூட்டில் செயலிழக்கலாம். ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்கேனரில் எஞ்சின் வேகம் பூஜ்யமாகவே இருந்தால் அதன்மேல்தான் முதல் சந்தேகம். வெப்ப சென்சர் தப்பாகக் காட்டினாலும் பெட்ரோல் அளவு மாறும். எண்ணெய் நிலையத்தில் டாங்கியை நிரப்பியதும் மட்டும் தகராறா? பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் இருக்கலாம்.

அடுத்த முறை கார் இப்படி முரண்டு பிடித்தால் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: அணைத்து எத்தனை நிமிடம் ஆனது? எத்தனை விநாடி சுற்றியது? பெட்ரோல் வாடை வந்ததா? அப்போதுதான் எண்ணெய் போட்டீர்களா? அந்தக் குறிப்போடு போனால், பம்ப்பை மாற்றுவதற்கு முன் எங்கே அளக்கவேண்டும் என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும்.