வேலை நேரமும் நம்மவர் கையெழுத்தும்

வயலோடு இருந்த காலத்தில் வெயிலைப் பார்த்து வேலை நேரத்தை நாமே வகுத்தோம். அவுஸ்திரேலியாவில் தொழில் செய்யும் நம் உறவினருக்கு அது முதலாளியோடு பேசித் தீர்க்கும் விடயம். தொழிலகக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழுள்ளவரும் நேரத்தை மாற்றத் தனி இணக்கம் செய்ய அங்குள்ள 2009ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. பிள்ளையைப் பாடசாலையில் விட்டபின் வேலை தொடங்க விரும்பும் தாய்க்கு இது பேருதவி. மேலதிக நேரக் கொடுப்பனவு கைநழுவும் ஆபத்தும் இதில் உண்டு. ஆகவேதான், இணக்கத்தால் தொழிலாளி மொத்தத்தில் முன்னரிலும் நன்மை பெறவேண்டும் என்கிறது சட்டம். வற்புறுத்திக் கையெழுத்து வாங்கவும் முடியாது. ஒத்துவராவிடில் எழுத்துமூலம் அறிவித்து, அதிகபட்சம் 28 நாட்களில் விலகலாம். பிரதி 14 நாட்களுக்குள் தரப்படவேண்டும். தொலைபேசியில் பேசும்போது, அது கைக்கு வந்ததா என்று கேளுங்கள்.