தலையில் ஒட்டிய கம்பி, மூளையில் எந்த இடம்?

வீட்டில் தையல் அளவுநாடா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரு கண்களுக்கும் நடுவே மூக்குத் தொடங்கும் பள்ளத்தில் அதன் ஒரு முனையை வையுங்கள். உச்சந்தலை வழியாகப் பின்னால் கொண்டுபோய், பிடரிக்குச் சற்று மேலே கையில் தட்டுப்படும் எலும்பு மேடுவரை அளந்து பாருங்கள். 36 சென்டிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 18ஆவது சென்டிமீட்டர்தான் உங்கள் உச்சிப்புள்ளி. மூளை அலைப் பரிசோதனைக்குப் போனால், மருத்துவமனை ஊழியர் முதலில் செய்வதும் இதைத்தான்.

இந்த நீளத்தை 10, 20 விழுக்காடுகளாகப் பிரித்து மின்முனைகளை ஒட்டுவதால், இதற்கு 10-20 முறை என்று பெயர். ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958இல் இதை வெளியிட்டார். விழுக்காட்டில் அளப்பதால் சிறுவர் தலைக்கும் பெரியவர் தலைக்கும் ஒரே முறை பொருந்துகிறது. எளிமையான, அழகான யோசனை!

ஆனால் அது சொல்வது தலையின் மேற்புறத்தை மட்டுமே. அந்தப் புள்ளிக்கு நேர் கீழே மூளையின் எந்த மடிப்பு இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மேலும், மண்டையோடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உள்ளே ஓரிடத்தில் எழும் அலை, வெளியே வரும்போது மங்கிப் பரவிவிடுகிறது. நேரத்தை ஆயிரத்தில் ஒரு விநாடிவரை துல்லியமாகச் சொல்லும் மூளை அலைப்பதிவு, இடத்தைச் சொல்லத் தடுமாறுகிறது. எம்ஆர்ஐ படம் நேர்மாறானது. மடிப்புகளைத் தெளிவாகக் காட்டும்; வலிப்பின் அலை எந்தக் கணத்தில் எழுந்தது என்பது அதற்குத் தெரியாது.

இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவை இங்கேதான் வருகிறது. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்து போதிய பலன் தருவதில்லை. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கலாம். ஆனால், அகற்ற வேண்டிய இடத்தின் அருகிலேயே பேச்சுக்கோ கை அசைவுக்கோ உரிய பகுதி இருக்கக்கூடும். அங்கே ஒரு சென்டிமீட்டர் பெரிய தூரம். மருத்துவர்கள் இந்தப் பொருத்தத்தை மட்டும் நம்பிக் கத்தியை எடுப்பதில்லை. ஆனாலும் அடுத்து எங்கே தேடுவது என்பதை இது காட்டுகிறது.

சாதாரண மின்முனைகளோடு காந்தக் கருவிக்குள் படுக்க முடியாது. ஆகவே, இரு சோதனைகளும் பெரும்பாலும் தனித்தனியாக நடக்கின்றன. இரண்டிலும் பொதுவாக இருக்கும் அடையாளங்கள் மூன்று: மூக்குப் பள்ளமும் இரு காதுகளின் முன்புறமும். அந்த இடங்களில் பலர் ஒட்டுவது என்ன தெரியுமா? மருந்துக்கடையில் விற்கும் வைட்டமின் இ எண்ணெய் மாத்திரை! அதில் உலோகம் இல்லை. உள்ளேயுள்ள எண்ணெய் எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று தெரியும்.

மூன்று புள்ளிகள் போதுமா? கணக்குப்படி போதும். நடைமுறையில் விரல் சற்றுத் தவறலாம். மூக்கில் குறித்த புள்ளி 5 மில்லிமீட்டர் மேலே போனால், காதுகளை அச்சாகக் கொண்டு மொத்தமும் சீசா பலகைபோலச் சாயும். பின்தலை மின்முனைகள் ஏறக்குறைய அதே அளவு இடம் மாறும்; உச்சியும் நகரும்.

அதனால் இப்போது தலையின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் காந்தப்புலப் பேனாவாலோ முப்பரிமாண ஒளிப்படக் கருவியாலோ பதிவு செய்கிறார்கள். கணினி அவற்றை எம்ஆர்ஐ காட்டும் தோலின்மேல் நகர்த்தி நகர்த்திப் பொருத்துகிறது. உருண்டையான உச்சந்தலைப் புள்ளிகள் மட்டும் இருந்தால், கிண்ணத்துக்குள் பந்து உருள்வதுபோல வழுக்கும். மூக்கும் புருவ மேடும் சேர்ந்தால்தான் பிடி கிடைக்கும். தலைமுடியும் தொல்லை தரும். அது தொப்பியைத் தோலிலிருந்து சற்றுத் தூக்கிவிடுகிறது.

இவ்வளவு செய்தும் இடவலம் மாறிவிட்டால் எல்லாம் வீண். மருத்துவப் படங்களில் நோயாளியின் வலப்பக்கம் பெரும்பாலும் நம் இடப்பக்கத்தில் தெரியும். ஆய்வு மென்பொருள் சிலவற்றில் அது மாறியிருக்கும். மூளையின் இரு பாதிகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். இதற்காகவே வலப்பக்கத்தில் மட்டும் இன்னொரு மாத்திரையைக் கூடுதலாக ஒட்டுவதுண்டு. படம் திரையில் வந்ததும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.