கடலடியில் ஒரு வகுப்பறை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே உள்ள எரிமலைத் தீவு இஸ்கியா. அதன் கரையோரக் கடலடியில் சில இடங்களில் கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாகக் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் அங்கே நீரின் அமிலத்தன்மை கூடியிருக்கிறது. நாம் எரிக்கும் பெட்ரோலும் நிலக்கரியும் உலகக் கடல்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை விஞ்ஞானிகள் அந்த நீரில் இன்றே பார்க்கிறார்கள்.

மாணவர்கள் எல்லோரையும் அங்கே அழைத்துப்போக முடியாது. எனவே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரமி பெய்லன்சன் தலைமையிலான ஆய்வகம், அந்தக் கடலடியையே மெய்நிகர் உலகமாக உருவாக்கி 2016இல் இலவசமாக வெளியிட்டது.

இதைப் பார்க்க, தலையில் மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். அதனுள் ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் தெரியும்; இரண்டையும் மூளை இணைத்து ஆழத்தை உணரும். தலை திரும்புவதை உணரிகள் அளந்து, காட்சியையும் உடனுக்குடன் திருப்பும். இது கொஞ்சம் தாமதித்தாலும் குமட்டல் வரலாம்.

காரின் புகைக்குழாயில் தொடங்குகிறது பயணம். அங்கிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைத் தொடர்ந்து மாணவர் கடலுக்குப் போகிறார். அது நீரில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. சிப்பி தன் ஓட்டையும் பவளம் தன் கூட்டையும் கட்ட வேண்டிய சரக்கு அந்தக் கார்பனேட்தான். பிறகு கடலடியில் நீந்தி, நத்தைகளைத் தேடி எண்ண வேண்டும். நல்ல நீரில் அவை நிறைய. அமிலம் கூடிய இடத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது.

தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல்நீரின் பிஎச் சுமார் 8.2இலிருந்து 8.1ஆக இறங்கியிருக்கிறது. எண்ணில் சிறிதுதான், ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டன என்று அதற்குப் பொருள். பாடநூலில் இந்த எண்ணை எளிதாகத் தாண்டிப் போய்விடலாம். நத்தை கிடைக்காமல் தேடிய மாணவர் அப்படிப் போகமாட்டார்.

பள்ளி மாணவர்கள் முதல் பெரியவர்கள் வரை 270க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய ஆய்வுகளின் முடிவு 2018இல் வெளியானது. இந்தப் பயணத்துக்குப் பின் கடல் அமிலமாதல் பற்றிய அறிவு கூடியது. மெய்நிகர் கடலில் அதிகம் சுற்றித் தேடியவர்களிடம் கூடுதலாகவே கூடியது. ஆகவே கருவியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. மாணவர் தானே நகர்ந்து தேட நேரம் தர வேண்டும். கண்ணாடியைக் கழற்றியதும் ஆசிரியர் ஒரு சிப்பியை வினிகரில் போட்டுக் காட்டி, அது ஏன் பொங்குகிறது என்று கேட்க வேண்டும்.