ஒரே இலை, இரண்டு ருசி!

ஜப்பான் நாட்டுப் பச்சைத் தேநீரைக் குடித்துவிட்டு, "கடற்பாசி வாசனை அடிக்கிறதே!" என்று முகம் சுளிக்கும் சீனர்கள் உண்டு. சீனப் பச்சைத் தேநீரைக் குடித்துவிட்டு, "நிறமும் இல்லை, சாரமும் இல்லையே!" என்று சொல்லும் ஜப்பானியர்களும் உண்டு.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே வகைச் செடியின் இலை. இரண்டிலும் பால் கிடையாது. சர்க்கரையும் கிடையாது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

சங்கதி அடுப்பில் இருக்கிறது.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடும் அல்லவா? கசக்கிய தேயிலையும் அப்படித்தான். அப்படிக் கறுக்க விட்டுக் காயவைத்ததுதான் நாம் பால் ஊற்றிக் குடிக்கும் தேயிலை. பச்சை நிறம் போகாமல் இருக்க வேண்டுமானால், கறுப்பதற்கு முன்பே இலைக்குச் சூடு காட்ட வேண்டும்.

சீனாவில் வாணலியில் வறுக்கிறார்கள். ஜப்பானில் ஆவியில் வேகவைக்கிறார்கள். ஒரே மாவுதான், கல்லில் ஊற்றினால் தோசை, ஆவியில் வைத்தால் இட்லி!

வெறும் கையால் வறுவல்

சீனாவில் ஹாங்சௌ என்று ஒரு நகரம். அங்கே மேற்கு ஏரிக்கு அருகில் உள்ள குன்றுகளில் விளைவது 'லாங்ஜிங்' தேயிலை. 'டிராகன் கிணறு' என்று பொருள். சீனர்கள் முன்னோரின் கல்லறைக்குச் சென்று வழிபடும் நாள் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும். அதற்கு முன்பு பறித்த கொழுந்துக்குத்தான் விலை அதிகம்.

சூடான வாணலியில் இலையைப் போட்டு, வெறும் கையால் அழுத்தி அழுத்தி வறுப்பார்கள். இலை தட்டையாகிவிடும். இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் உயர்ந்த சரக்குக்குக் கைதான். இந்தத் தேநீரில் வறுத்த பயறு போன்ற மணம் வரும். நிறம் வெளிர் மஞ்சள்.

ஜப்பானில் பெரும்பாலோர் குடிப்பது 'செஞ்சா'. இலையை அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, உருட்டிக் காயவைப்பார்கள். இலை ஊசி போல இருக்கும். நல்ல பச்சை நிறம். வெந்த கீரையின் வாசனை. முதல் முறை குடிப்பவருக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

குடியானவர் மகனின் உத்தரவு

வேடிக்கை என்னவென்றால், ஆவியில் வேகவைக்கும் வழக்கமே சீனாவிலிருந்து போனதுதான்!

8-ம் நூற்றாண்டில் லூ யூ என்ற சீன அறிஞர் தேயிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்தில் சீனர்கள் இலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, வில்லைகளாகத் தட்டினார்கள். 1191-ல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற புத்த பிக்கு, தேயிலை விதையையும் பொடித் தேநீர்ப் பழக்கத்தையும் ஜப்பானுக்குக் கொண்டுபோனார்.

பிறகு சீனாவில் ஒரு குடியானவரின் மகன் சக்கரவர்த்தி ஆனார். மிங் வம்சத்தைத் தொடங்கிய ஹோங்வூ அவர். அரண்மனைக்குத் தேயிலை வில்லை செய்து கட்டுவதில் ஜனங்கள் வாடுவதைக் கண்டு, "இனி வில்லை வேண்டாம், இலையாகவே அனுப்புங்கள்" என்று 1391-ல் உத்தரவு போட்டார். அதன்பின் வாணலி வறுவல் சீனா முழுவதும் பரவியது. பழைய ஆவி முறை ஜப்பானில் தங்கிவிட்டது.

ஆனால் ஜப்பானிலும் நல்ல பச்சைத் தேநீர் பணக்காரர் வீட்டுக்குத்தான். ஏழைகள் குடித்தது முற்றிய இலையில் செய்த பழுப்பு நீர். ஊஜி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த நகதானி சோயென் இதை மாற்றினார். இளங்கொழுந்தை ஆவியில் வேகவைத்து, சூட்டிலேயே கையால் உருட்டிக் காயவைக்கும் வழியைக் கண்டார். இதற்கு 15 வருஷம் பாடுபட்டார் என்பார்கள். 1738-ல், 57 வயதில், மூட்டையோடு எடோ நகருக்குப் போனார். அதுதான் இன்றைய டோக்கியோ. அங்கே ஒரு வியாபாரி குடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். செஞ்சா பரவியது அப்படித்தான்.

கொதிநீர் கூடாது

பச்சைத் தேநீர் கசக்கிறது என்று ஒதுக்குபவர்களில் பாதிப்பேர் கொதிக்கிற நீரை ஊற்றியவர்களாகத்தான் இருப்பார்கள். நீரின் சூடு ஏற ஏறக் கசப்பும் துவர்ப்பும் அதிகமாக இறங்கும். லாங்ஜிங்குக்கு 80 டிகிரி போதும். செஞ்சாவுக்கு 70 முதல் 80. கொதித்த நீரை வேறு கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டு, பிறகு இலையில் ஊற்றுவது ஜப்பானிய வழக்கம்.

'கியோகுரோ' என்று ஒரு வகை. பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள் செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள். வெயில் படாததால் துவர்ப்பு குறையும். இனிப்புச் சாரம் தங்கும். இதற்கு 50, 60 டிகிரியே போதும். ருசி இறைச்சிச் சாறு போல நாக்கில் நிற்கும். அது பிடித்தவருக்கு அமிர்தம். பிடிக்காதவருக்கு ஒரு மிடறே அதிகம்!

சீனாவில் ஹூபே மாகாணத்து என்ஷி என்ற ஊரில் இன்றும் ஆவியில் வேகவைத்தே தேயிலை செய்கிறார்கள். அதன் பெயர் யூலு. கியோகுரோவும் யூலுவும் எழுத்தில் ஒன்றேதான். உச்சரிப்பு மட்டும் வேறு. ஜப்பானின் தெற்கே உரெஷினோ என்ற ஊரிலோ, சீனர்களைப் போல வாணலியில் வறுத்த தேயிலை இன்றும் கிடைக்கிறது.